மூலிகைன்னா எல்லாமே நல்லதா?



நம்ம களம்பூர்ல தறியில உட்கார்ற வீடுகள் எத்தனையோ. நாள் முழுக்கக் குழித்தறியில் மிதித்து நெய்பவர்களுக்கு இடுப்பும் முழங்காலும் வலிக்காமல் இருக்குமா? எங்க அப்பாவுக்கும் அதே கதைதான்.

ராத்திரியானா எங்க ஆயா நொச்சி இலையை வதக்கி, துணியில் முடிஞ்சு ஒத்தடம் கொடுப்பாங்க. முடக்கத்தான் கீரை தோசையும் சுடுவாங்க. வலி கொஞ்சம் விடும். இதுல பயப்பட ஒண்ணுமில்லை.

ஆனா போன வருஷம் அப்பா சந்தையில் பெயர் போடாத ஒரு பொடி வாங்கினார். "மூலிகைதானே, என்ன பண்ணிடும்?" என்றார். நாலே நாளில் வலி பறந்தது. ரெண்டு மாசத்தில் முகம் உப்பிப் போச்சு! "ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

இது எங்க வீட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தார்கள். 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. இந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது.

அதுக்காக மூலிகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கு. அங்கே படித்த மருத்துவர் பார்த்துத்தான் மருந்து தருவார். கடையில் வாங்கினாலும் டப்பாவில் உரிம எண், தயாரித்தவர் முகவரி, சேர்ந்த பொருள்கள் எல்லாம் அச்சாகி இருக்கணும். இது சட்டம்.

நண்பர்களே, இன்னிக்கே வீட்டில் பாருங்க. பெயரில்லாத பொட்டலம் இருந்தா, அதைச் சாப்பிடுபவரோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்க.

ஒத்தடம் கொடுக்க ஆயா போதும். உள்ளே விழுங்க டாக்டர் வேணும்!

- 9-ஆம் வகுப்பு மாணவி