கண்ணாடி உடைந்தால் காக்கிச்சட்டையா?



அடுக்குமாடிக் குடியிருப்பில் பந்து பட்டு ஜன்னல் உடைகிறது. அவுக வீட்டுப் பிள்ளை அடிச்சா 'வாலு'. நம்ம பிள்ளை அடிச்சா 'ரௌடிப்பய', உடனே ஸ்டேஷனில் புகார். சென்னை கண்ணகி நகர், பெரும்பாக்கம் பிள்ளைகளுக்கு முகவரியே குற்றப்பத்திரிகை.

கண்ணாடிக்குக் காசு கேளுங்க, தருவோம். கண்டிக்கச் சொல்லுங்க, கண்டிப்போம். (அதையும் வாசலுக்கு வந்து மரியாதையாகச் சொல்லணும்.) ஸ்டேஷனைக் காட்டி மிரட்டாதீங்க. 2020 ஜூனில் தகப்பனும் மகனும் போலீஸ் சித்திரவதைக்குப் பலியான சாத்தான்குளத்திலிருந்து இதை எழுதுகிறோம்.

7 வயதுக்குட்பட்ட பிள்ளை எது செய்தாலும் சட்டப்படி குற்றமில்லை. 18 வயது நிறையாத எவரையும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். 'சும்மா விசாரிக்கத்தான்' என்று வந்து கூப்பிட்டால், தாய்மாரே, பிள்ளையைத் தனியா அனுப்பாதீங்க. கூட நாலு பேர் போங்க.