விருந்தோம்புவார் மனம்

ஹோட்டல் தொழிலுக்கு ‘விருந்தோம்பல் துறை’ என்று பெயரிட்டவர் யாரோ அறியேன். பெயர் அழகியதே, ஆயினும் எனக்கு உடன்பாடன்று. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் கூறும் விருந்தோம்பல் இல்லறத்தார் மனமுவந்து செய்யும் அறம். கூலிக்குப் படுக்கை விரித்து, கோப்பை கழுவி, வந்தவர் சீறினும் சிரித்து நிற்பது பிறிதொன்று. விருந்தினர் மனத்தின் மென்மைக்கு அனிச்சத்தை உவமை காட்டினார் வள்ளுவர். பரிமாறுவோன் முகம் வாடின் நோக்குவார் யார்?

நுவரெலியாவிலும் அட்டன் பக்கத்திலும் விடுதிகளிற் பணிபுரிவோர் பலர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அடிப்படைச் சம்பளம் சிறிது. விருந்தினரிடம் நூற்றுக்குப் பத்து வீதம் அறவிடும் சேவைக் கட்டணத்தின் பங்கே குடும்பத்தைத் தாங்குவது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளோடு விருந்தினர் வரவு குன்றிற்று. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. அவ்வாண்டு நுவரெலியாவுக்கு ஏப்ரல் வசந்தமும் இல்லை. 2021 ஜனவரி 21ஆம் திகதிதான் உல்லாசப் பயணிகளுக்கு நாடு பொதுவில் மீண்டும் திறக்கப்பட்டது. விருந்தினர் இல்லையேல் சேவைக் கட்டணமும் இல்லையன்றோ?

என் பழைய மாணாக்கன் ஒருவன் விடுதியொன்றில் அறைப் பணியாளனாயிருந்தவன். அக்காலத்தில் லயத்துக்குத் திரும்பினான். மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பியவன், தாய் கொழுந்து கிள்ளிய கூலியில் உண்ண நேர்ந்தது. உறக்கம் போயிற்று, பேச்சுக் குறைந்தது. தொலைபேசி வழியே மருத்துவரிடம் ஆலோசனை பெறலாமென்று நண்பன் ஒருவன் வழிகாட்டினான்.

அவ்வழியை நான் பழிப்பவனல்லன். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கம் யாவர்க்கும் பொது. ஊரடங்கில் அட்டனிலிருந்து அங்கொடைக்கு யார் செல்லக்கூடும்? ஆயின் அவன் எங்கிருந்து பேசுவான் என்பதே கேள்வி. லயத்து அறை 10 அடிக்கு 12 அடி. ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். மலையுச்சிக்கு ஏறினால் அலை கிடைக்கும். அங்கே மழையும் அட்டையும். அவன் அறையிலிருந்தே பேசினான். “தலைவலி, நித்திரை இல்லை” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டானாம். பின்னொருநாள் என்னிடம் கூறினான்: “வாழவே புடிக்கலன்னு, அம்மா பக்கத்துல உக்காந்திருக்கயில எப்படிங்க ஐயா சொல்றது?”

அன்று அவனுக்கு நான் விடை கூறவில்லை. இலக்கணம் முப்பது ஆண்டுகள் கற்பித்தவனுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ‘உளவளத்துணை’ என்று நாம் வகுப்பில் எழுதுகின்றோம், பிழையன்று. தோட்டத்தில் ஒருவன் ‘மனசு சரியில்ல’, ‘ஒரே யோசனையா இருக்கு’ என்றே சொல்வான். அந்த யோசனை சிந்தனையன்று, துயர் என்று அறிந்தவரே மறுமுனையில் இருத்தல் வேண்டும். மலைநாட்டுப் பிள்ளைகளுள் சிலரை இத்துறைக்குப் பயிற்றுவித்தல் இயலாத காரியமா?

நோய்க்காலம் கழிந்ததென்று வாளாவிருத்தல் தகாது. 2022 பொருள் நெருக்கடியில் விடுதிகள் மீண்டும் வெறிச்சோடின. பிள்ளைகள் மீண்டும் லயத்துக்கு வந்தனர். இணையம் வந்தது, இனி மலைநாட்டார்க்குக் குறையில்லை என்பார் ஒருநாள் லயத்திலிருந்து தம் மனைவியோடு பிணங்கிப் பேசிப் பார்க்கட்டும்! தோட்டந்தோறும் புதுக் கட்டடம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. தோட்ட மருந்தகத்தில், வாசிகசாலையில், பாடசாலையில் தாழிடக்கூடிய ஓர் அறை, ஒரு நாற்காலி, தடையின்றி அலை கிடைக்கும் தொலைபேசி போதும்.

எம் பாடசாலை நூலக அறை பிற்பகல் 2 மணிக்குப் பின் பூட்டியே கிடக்கின்றது. வாரத்தில் இரு நாள் அதனைத் திறந்துவைக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கின்றேன்.