கணினி வலையமைப்பை மேலிருந்து கீழாகப் படிப்பது ஏன்?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் பல இருக்கின்றன. அவற்றில் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கல்லூரிகளில், கணினி அறிவியல் மாணவர்கள் ஐந்தாம் செமஸ்டரில் கணினி வலையமைப்புகள் என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இப்பாடம் கம்பியில் தொடங்கிச் செயலியில் முடிந்தது. 2021-ஆம் ஆண்டுத் திட்டம் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. அத்திட்டத்தில் செயலி முதல் அலகில் வருகிறது. கம்பி கடைசி அலகில் வருகிறது. இந்த மாற்றத்தின் பொருள் விளங்க, வலையமைப்பு இயங்கும் விதம் தெரிய வேண்டும்.

ஆவடியில் ஒரு மாணவர் தேர்வு முடிவைப் பார்க்க ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டுகிறார். வலையமைப்புக்குப் பெயரைக்கொண்டு வழி தெரியாது. அதற்கு எண் முகவரி வேண்டும். பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் என்னும் சேவை. வலையமைப்பின் வேலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பெயரைத் தேடுவது மேல் அடுக்கான செயலி அடுக்கின் வேலை.

அடுத்தது போக்குவரத்து அடுக்கு. இங்கே பெரும்பாலும் டிசிபி என்ற நெறிமுறை, அதாவது இரு கணினிகளும் ஒப்புக்கொண்ட விதித் தொகுப்பு, பயன்படுகிறது. முதலில் மூன்று செய்திகள் பரிமாறி இணைப்பு உறுதியாகிறது. பிறகு தரவு துண்டுகளாகப் பிரிந்து, வரிசை எண்ணோடு செல்கிறது. வந்துசேராத துண்டு மீண்டும் அனுப்பப்படுகிறது.

துண்டுக்கு வழி காட்டுவது அதற்குக் கீழுள்ள வலையமைப்பு அடுக்கு. அங்கே ஒவ்வொரு துண்டும் ஐபி முகவரி தாங்கிய பாக்கெட்டாகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அடுத்த ரவுட்டர் எது என்பதை மட்டும் முடிவு செய்கிறது. முழுப் பாதையையும் அது அறிய வேண்டியதில்லை. கடைசியாக இணைப்பு அடுக்கும் பௌதிக அடுக்கும் பாக்கெட்டை வைஃபை வழியாகவோ கண்ணாடி இழை வழியாகவோ அடுத்த நிலையத்துக்குக் கடத்துகின்றன.

ஓர் அடுக்கு தனக்குக் கீழுள்ள அடுக்கின் உள்விவரத்தை அறிய வேண்டியதில்லை. அதனால்தான் வீட்டில் கம்பி இணைப்பை எடுத்துவிட்டு வைஃபை வைத்தாலும் செயலியை மாற்றி எழுத நேர்வதில்லை. இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று டிசிபி, ஐபி நெறிமுறைகளுக்கு மாறியது. அதன்பின் கம்பிகளும் கருவிகளும் எவ்வளவோ மாறிவிட்டன. அந்த அடிப்படை நிலைத்திருக்கிறது.

மேலிருந்து படிக்கும்போது ஒவ்வொரு அடுக்கும் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. எண் கிடைத்துவிட்டது, தரவு தொலையாமல் போவது எப்படி? தொலையாது என்றால், வழி தெரிவது எப்படி? அடுத்த அலகு அதற்குப் பதில் சொல்கிறது. இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. மின்குறி, பிழை கண்டறிதல் போன்றவை செமஸ்டரின் கடைசிக்குத் தள்ளப்படுவதால், அவசரமாக நடத்தி முடிக்கப்பட வாய்ப்புண்டு.

வரிசை மாறியது நல்லதே. ஆனால் அது மட்டும் போதாது. அடுக்குகளின் பெயரை மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கலாம். இணைப்பு அறுந்தால் கோளாறு எந்த அடுக்கில் என்று சொல்ல அது உதவாது. பாடத்திட்டத்திலேயே ஆய்வகப் பயிற்சிகள் உள்ளன. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மாணவர்கள் தங்கள் கணினியில் அதைத் திறந்து, ஓர் இணையதளத்துக்குச் சென்று, இணைப்பை உறுதியாக்கும் அந்த முதல் மூன்று செய்திகளைத் தாங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.