பள்ளி நிதியில் எத்தனை டீவி வாங்கலாம்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது நமது கண்டி மாவட்டம்தான். மண்ணுக்குள் போன உயிர்களுக்கு முன்னால் டீவியும் பிரிட்ஜும் ஒரு பேச்சே இல்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு கம்பளை, கெலிஓயா, அக்குறணைப் பக்கம் ரோட்டோரத்தில் குவிந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். சேறு நிறைந்த வொஷிங் மெஷின், ஊதிப்போன லெப்டொப், பிள்ளை உயர்தரத்துக்குப் படித்த டெப். வீட்டைத் துப்புரவு செய்ய அரசு அறிவித்த 25,000 ரூபா ஒரு பிரிட்ஜுக்கும் காணாது. மற்றதற்கெல்லாம் பள்ளி நிர்வாகத்தின் பட்டியலைத்தான் பார்த்திருந்தோம்.

நம் மனதை உறுத்துவது அந்தப் பட்டியல்தான். மாதச் சம்பளம் எடுப்பவரும் டவுனில் கடை வைத்திருப்பவரும், அறை வாடகைக்கு எடுத்து இடியப்பம் அவித்து விற்கும் விதவைத் தாயும் ஒரே தாளில் இருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, எல்லோருக்கும் இழப்பு உண்மை. ஆனாலும் வருடாந்தக் கட்டணம் கட்ட வசதியுள்ளவர்கள் தங்கள் வீட்டுச் சாமான்களுக்குக் காப்புறுதி எடுத்துவிட்டு, பள்ளி நிதியை வழியில்லாதவர்களுக்கு விட்டுவிட வேண்டும். சொல்ல வந்தது இதுதான்.

ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்ட மாட்டோம், பொலிஸ் பிடிக்கும். வீட்டுக்கு யாரும் பிடிப்பதில்லை, அதனால் எடுப்பதும் இல்லை. வங்கிக் கடனில் வீடு கட்டியவர்களிடம் ஒரு பத்திரம் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் வங்கியின் பணத்தைக் காப்பாற்ற எடுத்தது. கட்டடத்துக்குத்தான் செல்லும், உள்ளே இருக்கும் சாமானுக்கு இல்லை.

"இன்சூரன்ஸ் ஹராம் தானே சேர்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகடமி வணிகக் காப்புறுதியைத்தான் விலக்கியது. ஒருவருக்கொருவர் உதவும் அடிப்படையிலான கூட்டுறவு முறையை அனுமதித்தது. அந்த முறைதான் தகாபுல், நம் நாட்டுக்கு அது வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. நாம் யாருக்கும் ஏஜென்ட் இல்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். கேட்காமலே ஹராம் என்று ஒதுக்கிவிட்டு, வெள்ளம் வந்ததும் பட்டியலில் பெயர் எழுதுவதுதான் நமக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கி அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வரை கடைகளும் வீடுகளும் எரிந்தன. மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம் வந்தது. அரச நட்டஈட்டுக்குப் படிவம் நிரப்பி அலைந்த குடும்பங்களை நமக்குத் தெரியும். தீக்காப்புறுதி இருந்தால் கலவரத் தீயும் அதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அடங்காது. வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு மேலதிகக் கட்டணம் உண்டு. எந்தக் கம்பனியில் எடுத்தாலும் அந்தக் காசு அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழுள்ள நிதிக்குப் போகிறது, அந்த இழப்பை ஏற்பதும் அந்த நிதியே. நம் சமூகத்துக்கு இந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. கட்டணத்தைக் குறைக்க ஏஜென்ட் முதலில் வெட்டக்கூடியதும் இந்த வரிதான்.

வெள்ளம், புயலும் அப்படித்தான். சேர்த்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மலைப்பக்கம் இருப்பவர்கள் மண்சரிவைத் தனியாகக் கேளுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி இடிக்கும்போது ரவுட்டரும் டீவியும் கருகுகின்றனவே, அதற்கும் மின்சாரச் சேதத்துக்கான பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். களவு என்றால், பூட்டை உடைத்த அடையாளம் இல்லாமல் பெரும்பாலான பத்திரங்கள் காசு தராது. கலியாண வீட்டுச் சனக்கூட்டத்தில் மேசையில் இருந்து போன போனுக்கு அழுது பிரயோசனமில்லை.

காசுக் கணக்குத்தான் பெரிய பொறி. 2022க்கு முன் டொலர் 200 ரூபா அளவில் நின்றது. பிறகு சில மாதத்திலேயே 360ஐத் தொட்டது. லெப்டொப் விலை எங்கே போனது என்று பெற்றோருக்குத் தெரியும். பத்திரத்தில் மட்டும் பழைய தொகையே வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிறது. வீட்டுச் சாமான் மொத்தம் 20 இலட்சம் பெறுமதி, காப்புறுதி 10 இலட்சத்துக்கு என்று வையுங்கள். 3 இலட்சம் ரூபா லெப்டொப் பழுதானால் 'பத்து இலட்சம் வரை இருக்கிறதே, 3 இலட்சமும் கிடைக்கும்' என்று நினைப்போம். பாதிக்குத்தான் காப்புறுதி என்பதால் தருவதும் பாதி, ஒன்றரை இலட்சம். அதிலும் பாவித்த வருடங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள், நாம் ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகையையும் கழிப்பார்கள். பழையதற்குப் புதியது தரும் நிபந்தனையோடு எடுத்தால் கட்டணம் கூடும், ஆனால் இலத்திரனியல் சாமானுக்கு அதுதான் பெறுமதி.

இழப்பு நடந்தால் அன்றைக்கே கம்பனிக்குச் சொல்லுங்கள், களவென்றால் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியையும் எடுங்கள். மதிப்பீட்டாளர் வரும்வரை சேறான சாமானை வீச வேண்டாம். நாற்றம் தாங்காமல் வீசத்தான் வேண்டும் என்றால் பின்பக்கத்தில் ஒட்டியுள்ள தொடரிலக்கம் தெரியப் படம் எடுத்து, கம்பனிக்கு அனுப்பி, சம்மதம் வாங்கிய பிறகு வீசுங்கள். பற்றுச்சீட்டுகளை இப்போதே படமெடுத்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கோ மச்சானுக்கோ அனுப்பி வையுங்கள். அலுமாரியில் வைத்த பற்றுச்சீட்டும் அலுமாரியோடுதான் போகும்.

கம்பனிகளும் மலக்குகள் இல்லை. பல பத்திரங்கள் நமக்கு விளங்காத ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழில் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. நியாயமில்லாமல் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், முறையிடக் கட்டணம் இல்லை.

வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் வைத்திருப்பவர்கள் அதைப் படமெடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள், பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டு. கலவரம், வெள்ளம், மண்சரிவு, மின்சாரம் ஆகிய நான்கும் இருக்கிறதா என்று நாம் சில ஆசிரியர்கள் சேர்ந்து வாசித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். லீவு நாட்களில் அனுப்பினால் கெதியாகப் பதில் வரும், தவணைப் பரீட்சைத் தாள் திருத்தும் நேரம் கொஞ்சம் சுணங்கும்.