கோட்டை ஏறும் கைதட்டல்

ஹைதராபாத்தின் கோல்கொண்டா கோட்டைக்குப் போகிறவர்கள் கைதட்டாமல் திரும்புவதில்லை. நுழைவாயில் குவிமாடத்தின் கீழ் தட்டினால், சுமார் 1 கி.மீ. தள்ளி, 120 மீட்டர் உயரக் கருங்கல் குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிசார் மண்டபத்தில் கேட்கிறது. இடையில் பாறைகள், மதில்கள். ஒலி எப்படித் தாண்டுகிறது?

எல்லாம் அலைநீளத்தின் வேலை. வினாடிக்கு 100 அதிர்வுள்ள முரசொலியின் அலைநீளம் 3 மீட்டருக்கு மேல். பாறை விளிம்பில் அது வளைந்து மறுபுறம் போய்விடும். 2,000 அதிர்வுள்ள ஒலிக்கோ 17 செ.மீ.தான், பாறைக்குப் பின்னால் ‘ஒலி நிழல்’ விழும். கைதட்டலில் இந்தக் குறுகிய அலைகளே அதிகம். அதனால்தான் ஒலியைச் சிதறவிடாமல் திரட்டி அனுப்பக் குவிமாடம் தேவைப்படுகிறது.

காற்றுக்கும் பங்குண்டு. பகலில் சூடான தரை ஒலியை மேல்நோக்கி வளைக்கும். இரவில் தரை குளிர்ந்ததும் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். தொலைவில் போகும் ரயிலின் சத்தம் நள்ளிரவில் கேட்பது இப்படித்தான்.

எதிரி வந்தால் எச்சரிக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள் வழிகாட்டிகள். ஆனால் 8 மாத முற்றுகைக்குப் பின் 1687 செப்டம்பரில் ஔரங்கசீப்பின் படை நுழைந்தது, உள்ளேயிருந்த அதிகாரி ஒருவரே விலைபோய் இரவில் வாயிலைத் திறந்துவிட்டதால். காவலே கைமாறிய பிறகு, கைதட்ட யார் இருந்தார்கள்?