மூழ்கிய கப்பல்களைத் தட்டிப் பாருங்கள்!

ஆலையிலே எண்ணெய்ப் பீப்பாய் நிறைந்திருக்கிறதா, காலியா என்று அறிய நாம் மூடியைத் திறப்பதில்லை. தட்டுகிறோம், சத்தமே சொல்லிவிடுகிறது. இதே வேலையை விஞ்ஞானம் இன்று கடலடியில் செய்கிறது.

மூழ்கிக் கிடக்கும் கப்பலின் இரும்புத் தகட்டிலே பாசியையும் சிப்பியையும் சுரண்டிவிட்டு, ஒரு கருவியை வைத்து அழுத்துகிறார்கள். நம் செவிக்கு எட்டாத ஒலி தகட்டுக்குள் பாய்ந்து, மறுபுறம் மோதித் திரும்புகிறது. அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு, துரு தின்றது போகத் தகட்டின் கனம் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடலாம். தகட்டுக்குப் பின்னால் தண்ணீர் இருந்தால் ஒலியில் சற்று அதிகப் பங்கு அதற்குள் போய்விடும். எண்ணெய் இருந்தால் குறைவாகவே போகும். வித்தியாசம் சிறியது, வேறு சோதனைகளாலும் உறுதி செய்ய வேண்டும். ஆனாலும் கப்பலில் ஓட்டை போடாமலே உள்ளிருப்பதை அறிய வழி பிறந்துவிட்டது.

இதனால் யாருக்கு என்ன லாபம்? பசிபிக் சமுத்திரத்து உலித்தித் தீவு மக்களைக் கேட்போம். 1944 நவம்பர் 20ந் தேதி அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் மிஸிஸினிவா அங்கே மூழ்கியது. ஜப்பானியர் ஆள் வைத்து ஓட்டிய டார்ப்பிடோ அதைத் தாக்கியது. 63 பேர் மாண்டனர். 57 ஆண்டு கழித்து, 2001ல் அடித்த புயலுக்குப் பின் அதிலிருந்து எண்ணெய் கசிந்தது. மீனையே நம்பி வாழும் மக்களுக்கு அந்தக் காயலில் மீன்பிடிக்கத் தடை வந்தது! 2003ல்தான் அமெரிக்கக் கடற்படை சுமார் 18 லட்சம் காலன் எண்ணெயை இறைத்தெடுத்தது. யுத்தத்தை மூட்டியவர்கள் உலித்தி மீனவர்களா?

உலகக் கடல்களில் இத்தகைய கப்பல்கள் 8,569 கிடப்பதாக 2005ல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் நான்கில் மூன்று பங்கு இரண்டாம் உலக யுத்தத்தில் மூழ்கியவை. உள்ளே எண்ணெய் எவ்வளவு? 25 லட்சம் டன்னும் இருக்கலாம், 2 கோடி டன்னும் இருக்கலாமாம்! எட்டு மடங்கு வித்தியாசம் ஏன்? பெரும்பாலான கப்பல்களை யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

செலவு அதிகம் என்கிறார்கள். யுத்தத்துக்குக் கொட்டிய பணத்தில் இது எம்மாத்திரம்? மூழ்கினாலும் போர்க்கப்பல் தங்கள் சொத்தே என்று அரசுகள் உரிமை கொண்டாடுகின்றன. சொத்து அவர்களுடையது என்றால் அதன் எண்ணெயும் அவர்களுடையதே. அதை அகற்றும் செலவும் அவர்களுடையதே.

கருவி இருக்கிறது. கசிந்த பிறகு ஓடிவருவது போதாது. தகடு இற்றுப்போகுமுன் சோதியுங்கள், எண்ணெயை எடுங்கள், செலவை யுத்தம் நடத்திய அரசுகளே ஏற்கட்டும் என்று கோருகிறோம்!