பச்சை அட்டையில் யாருடைய கூலி?



ஷெரட்டன், வெஸ்டின், ரிட்ஸ்-கார்ல்டன், கோர்ட்யார்ட் எல்லாமே மேரியட்டின் பெயர்கள்தான். 1927-இல் வாஷிங்டனில் பானக் கடையாகத் தொடங்கிய நிறுவனம், 2016-இல் ஸ்டார்வுட்டையும் வாங்கி, முப்பது பெயர்களைச் சேர்த்துக்கொண்டது. பெரும்பாலான கட்டடங்கள் அதனுடையவை அல்ல, பெயர்ப்பலகை மட்டும்தான். கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை.

ஆனால் அறையைக் கூட்டித் துடைப்பவருக்கு என்ன? "இன்று அறையைச் சுத்தம் செய்யவேண்டாம்" என்று சொல்லும் விருந்தினருக்குப் புள்ளிகள் தந்தார்கள். பெயர் சுற்றுச்சூழல் நலன்! குறைந்ததோ துப்புரவுப் பெண்களின் வேலைநேரமும் கூலியும். 2018-இல் சான் பிரான்சிஸ்கோ, பாஸ்டன் முதலிய நகரங்களில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே வேலையில் பிழைக்க முடியவேண்டும் என்பதே கோரிக்கை. இது பேராசையா?

அமெரிக்காவில் தங்கும் பிள்ளைகளே, அப்படி அட்டை வைத்திருந்தால் புள்ளி வேண்டாம் என்று சொல்லி, அறையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.